பன்னிரண்டு டிகிரி

பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் கிஸேலா எல்லோர் மடியிலும் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு சாராயப் புட்டியை வைத்துவிட்டாள். வியாழக்கிழமைதோறும் கூடி, பந்தை உருட்டி மரக்கட்டைகளைச் சாய்க்கும் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. வருடத்துக்கு ஒருமுறை புருஷன்மாரையும் சேர்த்துக்கொண்டு ஒரு பகல் பயணம். எங்கே போகிறோம் என்பது அவளுக்கும் ஓட்டுநருக்கும் மட்டும்தான் தெரியும். போகிற இடம் தெரியாத இந்தப் பயணத்தை 'நீலத்துக்குள் போகிறோம்' என்பார்கள். நச்சரித்துக் கேட்பவர்களுக்குச் சாராயம் கிடையாது.

ஜன்னலோரம் மார்லீஸ். பக்கத்தில் அவள் கணவன் ஓர்ட்வின், மடியில் அவித்த முட்டை டப்பாவோடு. காற்றுக் குழாய்கள் பொருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மார்லீஸின் கைப்பையில் ஒரு சாவி இருந்தது. பிரேமன் நகரில் இருக்கும் அவள் தங்கை உர்ஸல் வீட்டுப் பின்னறைச் சாவி. மாதக் கடைசியில் ஓர்ட்வினை விட்டு அங்கே போய்விடுவது என்று முடிவு செய்தாயிற்று. சாயங்காலம் காபிக்கு நிற்கும்போது அவனிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் சொன்னால் எழுந்துபோய் எதையாவது ரிப்பேர் பண்ண ஆரம்பித்துவிடுவான். நாலு பேர் நடுவில் என்றால் உட்கார்ந்தாவது கேட்பான்.

காரணம் பழசு. வேலையில் இருந்த காலம் முழுக்க, வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை, வாரக்கணக்கில் 'காஸல் பக்கம் வேலை' என்று கிளம்பிவிடுவான். என்ன வேலை, எந்தக் கட்டடம் என்று வாயைத் திறக்கமாட்டான். அவசரத்துக்கு அந்த ஊர் நம்பர் ஒன்று கொடுத்திருந்தான். கூப்பிட்டால் எப்போதும் ஒரே பெண்குரல். "இப்பத்தான் வெளிய போனாரு. வந்ததும் சொல்றேன்." பிள்ளைக்கு ஜுரம் என்று கூப்பிட்டபோதும் அதே பதில்தான், தன் அப்பா செத்ததைச் சொல்லக் கூப்பிட்டபோதும் அதே பதில்தான். அந்தக் குரலுக்கு மார்லீஸ் ஒரு முகம் வைத்தாள், சுருட்டை முடி வைத்தாள், காஸலில் பால்கனியோடு ஒரு வீடும் கொடுத்தாள். ஒரே ஒரு தடவை கேட்டும்விட்டாள். "அப்படி எதுவும் இல்ல" என்றான். அதோடு சரி. பிள்ளைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கனடாவில் குடியேறிவிட்டான். இனி யாருக்காகக் கடிப்பது?

நெடுஞ்சாலையிலிருந்து பஸ் இறங்கி, திராட்சைத் தோட்டங்கள் சரிந்து கிடந்த பள்ளத்தாக்குக்குள் திரும்பியது. முட்டை உரித்துக்கொண்டிருந்த ஓர்ட்வினின் கை நின்றது. பாதி உரித்த முட்டையை டப்பாவில் வைத்து மூடினான். பையிலிருந்து தன் கம்பளி ஸ்வெட்டரை எடுத்து அவள் மடியில் போட்டான்.

"போட்டுக்க."

"என்ன, காய்ச்சலா உனக்கு? வெளிய ரோடே உருகுது."

"போட்டுக்க, மார்லீஸ்."

முன் சீட்டிலிருந்து கிஸேலா எட்டிப் பார்த்தாள். "அடடா, ஆகஸ்டு மாசத்துல இவனுக்குக் காதல் வந்துருச்சு! யாராச்சும் ஜன்னலைத் தொறங்க, பொண்ணு வெந்துடப்போறா!" பஸ் முழுக்கச் சிரித்தது. மார்லீஸுக்குக் காது சிவந்தது. போகப்போகிற நேரத்தில் இவன் கரிசனம் யாருக்கு வேண்டும் என்று எரிச்சலாக வந்தது.

பஸ் ஒரு மலையடிவாரத்தில், இரும்புக் கதவுக்கு முன்னால் போய் நின்றது. அணுகுண்டு விழுந்தால் அரசாங்கம் முழுவதும் ஒளிந்துகொள்வதற்காக ரகசியமாகக் குடைந்த சுரங்கம். இப்போது மியூசியம். வாசலில் அந்தக் கதவின் படம் போட்ட காபிக் கோப்பைகள் விற்றார்கள்.

உள்ளே காலை வைத்ததும் கையில்லாத கவுன்களில் வந்திருந்த பெண்கள் தோளைத் தேய்த்துக்கொண்டு அலறினார்கள். "கோடையோ பனிக்காலமோ, இங்க பன்னிரண்டு டிகிரிதான்" என்றாள் வழிகாட்டிப் பெண் யானா. "நுழைவுச் சீட்டுலயே போட்டிருக்கு. எங்க போறோம்னு உங்க தலைவி சொல்லலையா?" எல்லோரும் கிஸேலாவைத் திட்டினார்கள். மார்லீஸ் மட்டும் மடியில் கிடந்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு குளிராமல் நின்றாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஓர்ட்வின் கடைசி ஆளாக, தரையைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தான். தாழ்ந்த குழாய் ஒன்றில் ஆண்கள் வரிசையாக நெற்றியை இடித்துக்கொண்டார்கள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குனிந்து, நிமிர்ந்து, நடந்தான்.

அமைச்சர்களின் கட்டில்கள், பல் வைத்தியர் நாற்காலி, முடிவெட்டும் அறை எல்லாம் பார்த்து முடித்து, சாம்பல் நிறத் தொலைபேசி ஒன்றின் முன் யானா நின்றாள். "இங்க வேலை பாத்தவங்க வெளிய மூச்சு விடமாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருந்தாங்க. பொண்டாட்டி பிள்ளைகிட்டகூடச் சொல்லக்கூடாது. வீட்டுக்கு வேற ஊரு நம்பர் ஒண்ணு கொடுப்பாங்க. யார் கூப்பிட்டாலும் ஒரு அம்மா எடுத்து, 'இப்பத்தான் வெளிய போனாரு, வந்ததும் சொல்றேன்'னு சொல்வாங்க. எல்லாருக்கும் அதே பதில்தான்."

"என் வீட்டுக்காரனுக்கு இது தெரியாமப் போச்சே!" என்றாள் கிஸேலா. சிரிப்பு சுரங்கத்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. மார்லீஸ் ஸ்வெட்டரின் கைகளை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். நிம்மதி வரவில்லை. முதலில் வந்தது கோபம்தான். சுருட்டை முடிக்காரியை இத்தனை வருடம் மனசுக்குள் உட்காரவைத்துச் சோறு போட்டது யார்?

சாயங்காலம் தோட்டத்து ஹோட்டலில் காபியும் பிளம்ஸ் கேக்கும். கேக்கை மொய்த்த குளவிகளை மற்றவர்கள் தொப்பியால் விரட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்து மேஜையில் இவர்கள் இருவர் மட்டும். வெயில் சுட்டும் மார்லீஸ் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. நுழைவுச் சீட்டு தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"நீ அங்கதான் வேலை பாத்தியா?"

ஓர்ட்வின் முட்கரண்டியைக் கீழே வைத்தான். "கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"உலகத்துக்கே டிக்கெட் போட்டுக் காட்டுறாங்க! கோப்பை விக்கிறாங்க, ஓர்ட்வின்!"

"அவங்க விப்பாங்க. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்ல."

"நான் என்ன நெனச்சிக்கிட்டிருந்தேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "தெரியும், மார்லீஸ்."

அவளுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு அழவும் வேண்டும்போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தாள். சாவி அடியில் கிடந்தது. பையை மூடினாள்.

"அங்க உனக்குக் குளிருமா?" என்று கேட்டாள்.

ஓர்ட்வின் இடதுபக்கம் பார்த்தான். வலதுபக்கம் பார்த்தான். பரிமாறும் பெண் உள்ளே போகும்வரை காத்திருந்தான். நாற்காலியை நகர்த்தி, அவள் காதருகே குனிந்தான்.

"பன்னிரண்டு டிகிரி" என்றான், யாருக்கும் கேட்காமல். "எப்பவும்."

தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த சீட்டில், கொட்டை எழுத்தில் அதே எண் இருந்தது. மார்லீஸ் கையை நீட்டி, அவன் பார்ப்பதற்குள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.