மாமனாரின் தலையளவு

இந்தக் கதையின் நாயகனை மாப்பிள்ளை என்று அழைக்க நமக்கு ஆசைதான். ஆனால் அப்படி அழைக்க வேண்டிய மனிதரே, கல்யாணமாகி நாலு வருடமாக அழைக்காமல் இருக்கும்போது நாம் முந்திக்கொள்வது மரியாதையாக இருக்காது. மாமனார் அவனைச் 'சார்' என்பார். வங்கியில் பாஸ்புக்கை நீட்டுகிறவர் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவரை அழைப்பாரே, அந்தச் சார். தெருவில் அவனுக்குக் காதுக்காரன் என்று பெயர். நாமும் அதையே வைத்துக்கொள்வோம்.

காதுக்காரனுக்கு வேலை ஹெட்ஃபோன் வடிவமைப்பது. சாதாரண ஹெட்ஃபோன் இல்லை. ஒரு பைக்கின் விலையைக் காதில் மாட்டிக்கொண்டு பாட்டு கேட்கிற ரசிகர்களுக்கானது. அது தலையை எவ்வளவு அழுத்தலாம், காதைச் சுற்றி என்ன மெத்தை வரலாம், மெத்தை மாறினால் சத்தம் எப்படி மாறும் என்பதெல்லாம் அவன் பாடு. ஆகவே யாரைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டான், காதைத்தான் பார்ப்பான். பெண் கேட்டுப் போன அன்றும் அதையே செய்து தொலைத்தான். "தம்பி என்ன வேலை பண்றீங்க?" என்று பெண்ணின் அப்பா கேட்க, இவன் அவருடைய இடது காதை விட்டுக் கண்ணை எடுக்காமல், "காதுக்கு மெத்தை தைக்கிறேங்க. உங்களுக்கு ரொம்ப அருமையான காது," என்றான். அன்றைக்குத் தம்பி போய்ச் சார் வந்ததுதான், இன்றுவரை இறங்கவில்லை.

மாமனார் ஓய்வு பெற்ற நூலகர். வாழ்நாள் முழுக்க, சத்தம் போடாதீர்கள் என்று சத்தம் போடாமல் சொன்னவர். அந்தப் பழக்கம் தொண்டையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீடு தீப்பிடித்தாலும் பக்கத்தில் வந்து, தோளைத் தொட்டு, காதோடுதான் சொல்வார். "அப்பா என்னைத் திட்டினதே இல்ல. திட்டியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது," என்பாள் மகள்.

அவர் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று பழுது பார்க்க ஆள் விட்டிருந்தார்கள். வேலை முடியும்வரை மகள் வீட்டில் இருக்க வந்தார். ஒரே கூடத்தில் இரண்டு ஆண்கள், நடுவில் தூது போக ஒருத்தி. "சார் காபி குடிச்சாச்சான்னு கேளும்மா" என்று கிசுகிசுப்பார். சார் ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான்.

வெட்கத்தை விட்டுச் சொன்னால், காதுக்காரனுக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. மற்றவர்கள் தங்கள் மாமனாரைப் பற்றிப் புலம்பினால்கூட அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

"கூப்பிடாட்டி என்ன? சோறு இறங்கலையா உனக்கு?" என்றாள் மனைவி.

"இறங்குது. ஆனா பக்கத்து வீட்டுக்காரரோட மருமகனைப் பாத்து 'மாப்பிள்ளை, சௌக்கியமா?'ன்னு கேக்குறாரே! அவன் யாரு இவருக்கு?"

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

இந்த நிலைமையில்தான் கம்பெனி முதலாளியம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. புது ஹெட்ஃபோனின் மாதிரியைச் சிலரிடம் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். கண்ணாடி போட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில் திட்டினார்களாம். கண்ணாடி ஃபிரேமின் கை, காதுமெத்தையைத் தூக்கிவிடுகிறது. அந்த இடுக்கு வழியாகப் பாஸ் என்கிற கனத்த அடிச்சத்தம் கம்பி நீட்டிவிடுகிறது. டிரம் அடித்தால் தீப்பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்கிறது. இடுக்கை அடைக்கலாம் என்று தலைப்பட்டையை இறுக்கினால், அதே கை நெற்றிப்பொட்டில் குத்தி உயிரை வாங்குகிறது. சத்தம் நன்றாக இருந்தால் தலை வலிக்கிறது, தலை நன்றாக இருந்தால் சத்தம் போய்விடுகிறது. இரண்டையும் சேர்த்துச் சரி செய்து கொடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார் அம்மா.

காதுக்காரன் தன் வேலை அறையில் மேஜைமேல் இருந்த ரப்பர் தலையைப் பார்த்தான். இரண்டு காதிலும் மைக் வைத்த பொம்மைத் தலை. இத்தனை நாளும் எல்லாவற்றையும் அதன்மேல் மாட்டித்தான் அளந்திருந்தான். அதற்குக் கண்ணாடி கிடையாது என்பது அவனுக்கு உறைத்ததே இல்லை. இப்போது ஒரு பழைய கண்ணாடியைத் தேடிப்பிடித்து மாட்டினான். உடல் சூட்டில் இளகி முகத்தோடு படிகிற ஃபோமை மெத்தைக்குள் வைத்துத் தைத்தான். ஃபோம் இளகவேயில்லை. ரப்பருக்கு ஏது சூடு? வெந்நீர்ப் பையை எடுத்து ஒற்றடம் கொடுக்க ஆரம்பித்தான்.

மனைவி வாசலில் நின்று பார்த்தாள். "அதுக்குக் காய்ச்சலா?"

"உயிருள்ள தலை ஒண்ணு வேணும். கண்ணாடி போட்ட தலை. பெரிசா இருந்தா இன்னும் நல்லது, பெரிசுக்கு வலிக்கலைன்னா யாருக்கும் வலிக்காது."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே மாமனார் தடிமனான கண்ணாடியோடு செய்தித்தாளுக்குள் இருந்தார். கடையில் விற்கிற எந்தத் தொப்பியும் அவர் தலையில் இறங்கியதில்லை. உச்சியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

"அப்பா, உங்க தலை வேணும்," என்றாள் மகள்.

"சாருக்கா?" என்று கிசுகிசுத்தார் அவர். கொஞ்சம் யோசித்தார். "திருப்பிக் குடுத்துடுவாரா?"

அது நகைச்சுவையா என்று காதுக்காரனுக்குத் தெரியவில்லை. சிரிக்கலாமா என்று அவன் முடிவு செய்வதற்குள் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தயாராகிவிட்டார்.

அதன்பின் நடந்தது பெரிய கூத்து. மாட்டுவார், முகம் சுளிப்பார், நெற்றிப்பொட்டை ஒரு விரலால் தொட்டுக் காட்டுவார். இவன் ஓடிப்போய் மெத்தையைப் பிரித்து, கண்ணாடிக் கை வருகிற இடத்தில் ஃபோமைக் குடைந்து சின்ன வாய்க்கால் வெட்டுவான். அந்த இடத்துக்கு மட்டும் மெல்லிய தோல் வைத்துத் தைப்பான். திரும்ப மாட்டுவார், உச்சந்தலையைத் தொட்டுக் காட்டுவார். இவன் தலைப்பட்டையிலிருந்த தடித்த மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவும்படி கீழே ஒரு தொட்டில் வாரைக் கட்டினான். ஒரு தடவை அவர் நெடுநேரம் கண்ணை மூடி அப்படியே இருந்தார். "பாட்டு எப்படி இருக்கு மாமா?" என்று அவன் சைகையில் கேட்டான். பாட்டு போட மறந்திருந்தான். "ஒண்ணுமே கேக்கல சார். அருமையா இருக்கு," என்று கழற்றிக் கொடுத்தார் நூலகர்.

கடைசியாக மிச்சமிருந்தது கூச்சல். வயலினின் மேல் சுரங்கள் காதில் ஊசியாக இறங்கின. ஒலிபெருக்கித் தகட்டின்மேல் மெல்லிய கம்பளித் துணியை வட்டமாக வெட்டி ஒட்டிப் பார்த்தான், சாந்தமாயிற்று. உள்ளே குட்டி மைக் ஒன்றை வைத்து, அதன் ஒயரைத் தன் அறைவரை இழுத்து, மாமனார் தலையில் மாட்டி, வயலினும் மேளமும் சேர்ந்த நீண்ட கச்சேரி ஒன்றைப் போட்டுவிட்டு, கதவை ஒருக்களித்துக்கொண்டு கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். கண்ணாடியோடும் பாஸ் கோடு அசையாமல் நின்றது. மாமனாரின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. இவன் கோட்டையும் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

வேலை முடிந்து மனைவி குடையோடு உள்ளே வந்தாள். அப்பாவின் தலையில் ஏறியிருந்ததைப் பார்த்து, எப்படி என்று புருவத்தை உயர்த்தினாள்.

மாமனார் வேலை அறைக் கதவை ஓரக்கண்ணால் பார்த்தார். மகளைக் கிட்டே வரச் சொன்னார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ரகசியம் சொல்கிற பாவனையில் குனிந்தார். உள்ளே கச்சேரி உச்சத்தில் இருந்தது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியாது. ஆயுள் முழுக்க அடக்கி வைத்த குரல் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

"மாப்பிள்ளை கெட்டிக்காரர்ம்மா! கண்ணாடி போட்டிருக்கிறதே தெரியல! வயலின்காரர் மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது!"

மனைவி கையிலிருந்த குடை கீழே விழுந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் ஈரச் சேலையோடு எட்டிப் பார்த்தார். மாமனார் கையை வாயிலிருந்து எடுக்காமல், இன்னும் ரகசியமாக, இன்னும் பலமாகத் தொடர்ந்தார்.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லிடாத! தலைமேல ஏறி உக்காந்துக்குவார்! நல்ல பையன்தான், நான்தான் அன்னிக்குத் தப்பா எடுத்துக்கிட்டேன்! சார்னு ஆரம்பிச்சுத் தொலைச்சுட்டேன், இப்பப் போய் எப்படி மாத்திக் கூப்பிடுறது? கூச்சமா இருக்கும்மா!"

அறைக்குள் திரையில் கோடுகள் கூரையைத் தொட்டு இறங்கின. அவன் அவற்றைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். உடனே சிரிப்பும் வந்துவிட்டது, அதை அடக்க ரப்பர் தலையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவன் முகத்தைச் சரி செய்துகொண்டு வெளியே வந்தபோது மாமனார் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். மகள் அடுக்களைக்குள் ஓடிப்போயிருந்தாள். அங்கிருந்து விக்கல்போல் ஏதோ கேட்டது.

"பரவாயில்ல சார்," என்று கிசுகிசுத்தார் மாமனார்.

"வலி?"

"இல்ல."

"சத்தம்?"

"பரவாயில்லன்னு சொன்னேனே சார்."

மாப்பிள்ளை, இனி நாமும் அப்படியே கூப்பிடலாம், ஹெட்ஃபோனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குறை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. அன்றே கம்பெனிக்கு அனுப்பிவிடலாம்.

"இடது பக்கம் லேசா லீக் ஆகுற மாதிரி இருக்கு மாமா," என்று கூசாமல் புளுகினான். "நாளைக்கும் ஒரு தடவை மாட்டிப் பாத்துடலாமா? அவளோட பேசிக்கிட்டே கேட்டீங்கன்னா நல்லது."

"நாளைக்கு எதுக்கு சார்?" என்று கிசுகிசுத்தார் அவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இப்பவே பாத்துடலாம்," என்று தலையை நீட்டினார்.