இருபத்து நான்கு, ஏழு, ஐந்து

நாற்று விட்ட அன்றைக்குத்தான் ருக்குமணிக்கு அண்ணன் மேல் சந்தேகம் விழுந்தது. வரப்பில் வந்து நின்ற சிவப்பிரகாசம் நாற்றங்காலைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த கிராஃப் தாளைப் பார்த்து, உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். இவள் கிட்டே போனதும் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கரியமாணிக்கத்தில் அப்பா விட்டுப்போன நிலம் அது. பட்டா அண்ணன் பெயரில். புருஷன் செத்த பிறகு இருபது வருஷமாகப் பயிர் வைத்துப் பிழைக்கிறவள் இவள். பத்திரம் கித்திரம் எதுவும் கிடையாது, எல்லாம் அண்ணனின் வாய்வார்த்தைதான். பக்கத்துக் கரும்புக் கொல்லையெல்லாம் மஞ்சள் கல் நட்ட மனையாகிக் கிடக்கையில், வாய்வார்த்தையை வைத்துக்கொண்டு எப்படி நிம்மதியாக இருப்பது?

போதாக்குறைக்கு, கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயரான அண்ணன் ஞாயிறுதோறும் வில்லியனூருக்கு பஸ் ஏறுகிறார். கேட்டால் வகுப்பாம். அறுபத்தைந்து வயசில் என்ன வகுப்பு? நல்ல கதைதான்.

மறுநாள் அண்ணன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவர் வீட்டுக்குள் நுழைந்தாள். சட்டை ஆணியில் தொங்கியது. தாளை உருவி முந்தானையில் முடிந்துகொண்டு, நேராகப் பாகூருக்குப் போய்ப் பத்திரம் எழுதும் அன்புராஜிடம் நீட்டினாள். கூம்பிக்கொண்டு போகும் மூன்று அடுக்கு. உள்ளே கட்டம் கட்டமாக எண்கள்.

அன்புராஜ் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினான். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன்.

"இதுல இன்னாக்கா டவுட்டு? பின்னாடி இருவத்தி நாலு மனை. நடுவுல ஏழு, கார்னர் பிளாட்டு. ரோட்டோரம் அஞ்சு. மொத்தம் முப்பத்தாறு."

"உச்சில தனியா ஒரு புள்ளி கீதே?"

"தண்ணி டேங்கு."

கூடப் பிறந்தவனா இப்படிச் செய்வான்? அழுகையும் ஆத்திரமுமாகத் திரும்பி வந்து, அண்ணன் வீட்டுக் கூடத்தில் தாளை வீசினாள்.

"என் வயித்துல அடிக்கப் பாக்குறியே, நீ நல்லா இருப்பியாண்ணே? இன்னா இது?"

சிவப்பிரகாசம் தாளைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். உள்ளே போய் ஒன்றைத் தூக்கிவந்து தரையில் வைத்தார். விளக்குமாற்றுக் குச்சிகளை சைக்கிள் வால்வு டியூபால் இணைத்துக் கட்டிய கூம்பு. உச்சிக்கு மேலே, எதிலும் ஒட்டாமல், கம்பியில் ஆடியது ஒரு வெள்ளைப் பாசிமணி.

"சைவ சித்தாந்த வகுப்புல மொத்தம் முப்பத்தாறு தத்துவம்னாங்கம்மா. எனக்குப் படமாப் போட்டாத்தான் மண்டைல ஏறும். ஐம்பூதம், கண்ணு, காது, மனசுன்னு கீழ இருவத்தி நாலு. அதுக்கு மேல காலம், நியதி, மாயைன்னு ஏழு. அதுக்கும் மேல அஞ்சு. இதெல்லாம் தாண்டித் தனியா நிக்கிறது சிவம்."

அந்த மணியைத்தானே தண்ணி டேங்க் என்றான் பாவி! ருக்குமணிக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்புராஜ் சொன்னதை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். சிவப்பிரகாசமும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"கார்னர் பிளாட்டா? மாயையவா?"

"ஆமாண்ணே. நானும் அத்த நம்பிட்டேன். எம் புத்திய இன்னான்னு சொல்றது!"

வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து காபி குடித்தார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் தாளை எடுத்து நீவினார். பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"ஏன் ருக்கு, அன்பு நம்ம நெலத்தப் பாத்திருக்கானா?"

"போன மாசம் இந்தப் பக்கமா வந்தான். ஏன்?"

"இல்ல, முப்பத்தாறு தேறும்னு அவ்ளோ உறுதியாச் சொன்னானேன்னு கேட்டேன்."

ருக்குமணி தாளை வாங்கக் கை நீட்டினாள். அவர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.