கிடைக்கும்வரை

'வரை' என்னும் சொல்லை அந்தத் தரகர் கையாண்ட விதத்தை ஒரு விடைத்தாளில் கண்டிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். நான் கண்டதோ என் தங்கையின் ஒப்பந்தத்தில். அதற்குள் அவள் கையெழுத்திட்டிருந்தாள்.

அவளிடம் இருப்பது ஒரே பசு. சீமாட்டி என்று கூப்பிடுவாள். அந்த வட்டாரத்தில் அதைப்போல் கறக்கும் மாடு வேறில்லை; அதன் பாலில்தான் கைம்பெண்ணான அவளுடைய வீடு நடந்தது. அத்தகைய மாட்டுக்கு ஊசி மருந்தால் பல முட்டைகளை முதிரச்செய்து, சினை ஊசி போட்டு, ஒரு வாரம் கழித்துக் கருப்பையைக் கழுவிக் கருக்களை எடுத்து, வேறு மாடுகளின் வயிற்றில் வைப்பார்கள். ஒருமுறை கழுவ இவ்வளவு என்று விலை.

"ஆறு கரு வரைக்கும் எங்களுக்கு, மிச்சம் உங்களுக்கு" என்று கரு வாங்க வந்த தரகர் வாயால் சொன்னார். தாளில் எழுதியிருந்ததோ, 'ஆறு கருக்கள் கிடைக்கும்வரை.' முன்னது உச்சவரம்பு. பின்னது முடிவில்லாத் தண்டனை.

முதல்முறை கழுவியதில் மூன்று கிடைத்தன, மறுமுறை இரண்டு.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதானேம்மா" என்றார் தரகர்.

"ஒரு தடவைக்குத்தானே விலை பேசினோம்?"

"ஆறுக்குப் பேசினோம். படிச்சுப் பாருங்க, இல்ல உங்க வாத்தியார் அண்ணனைப் படிக்கச் சொல்லுங்க."

இதற்குள் சீமாட்டியின் பால் பாதியாய் வற்றிவிட்டது. சினையாகி ஈன்றால்தான் மீண்டும் மடி நிறையும். ஆகவே, அடுத்த பருவம் வந்தபோது தங்கை ஒருவரிடமும் சொல்லாமல் சினை ஊசி போடச் செய்துவிட்டாள்.

தரகர் மூன்றாம் முறையாகக் கால்நடை மருத்துவரோடு வந்து இறங்கினார். மருத்துவர் தோள்வரை உறை மாட்டிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"சினையா இருக்கே!"

தரகர் சீறுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. ஆறாவது உள்ளேயே இருக்கு. கன்னு பொறந்ததும் வந்து ஓட்டிட்டுப் போறோம்."

"கருன்னு எழுதிட்டுக் கன்னைக் கேக்கறீங்களே, இது எந்த ஊர் இலக்கணம்?" என்று கத்தினேன்.

"வயித்துல இருக்கறதுக்குப் பேர் என்ன சார்? கருதானே? பிடிக்கலேன்னா கலைச்சுடுவோம், மறுபடி கழுவுவோம். கிடைக்கும்வரைன்னு போட்டிருக்கே."

மருத்துவர் உறையைக் கழற்றிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார்.

தங்கை மாட்டின் கழுத்தில் கை வைத்தபடி நின்றாள். பெண்கன்றாய்ப் பிறந்தால் சீமாட்டிக்குப்பின் அதுதான் அவளுக்குக் கதி.

"கன்னை எடுத்துக்கோங்க" என்றாள். "இவளை விட்டுடுங்க. அதுக்கப்புறம் இந்தக் கொட்டகைப் பக்கம் வரமாட்டோம்னு எழுதிக் குடுங்க."

"எழுதிட்டாப் போச்சு" என்று தரகர் பேனாவைத் திறந்தார்.

"நீங்க எழுத வேணாம், உங்க எழுத்தைத்தான் பார்த்தாச்சே! அண்ணா, நீ எழுது."

"அநியாயத்துக்கு நான் எழுதணுமா?"

"வேற யாரு எழுதினாலும் அதுல ஒரு ஓட்டை இருக்கும். எழுதுண்ணா."

எழுதினேன். எழுவாயிலோ பயனிலையிலோ ஐயத்துக்கு எள்ளளவும் இடமின்றி, இன்னும் பிறவாத கன்றைப் பிறருக்குச் சொந்தமாக்கினேன். தரகர் நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டுத் தாளை மடித்தார்.

"சுத்தமான தமிழ், சார்" என்றார்.