அறுபத்தொன்றாவது தலை

லூயிஸ் செத்து நாலு மாதம் ஆகியும் எங்கள் ஆராய்ச்சிக்காக அவர் காட்டில் பொறுக்கி வைத்த மண்டையோடுகள் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தன. மொத்தம் அறுபத்தொன்று, எல்லாம் கடமான். கொம்பு ஆணுக்கு மட்டும்தான்; அதை விட்டுவிட்டால் ஆண்மான் தலைக்கும் பெண்மான் தலைக்கும் என்ன வித்தியாசம் என்று மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து சொல்ல வேண்டும். அதற்காகத்தான் தினமும் ஊட்டியிலிருந்து அவலாஞ்சிக்கு வந்து, ஒழுகுகிற தகரக் கொட்டகையில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் முறை இதுதான். தலையில் கட்டியிருக்கும் சீட்டைப் பார்க்காமல் நான் அளப்பேன்; அளவைக் கத்திச் சொல்வேன்; ஜீப் ஓட்டும் சிவகுரு நோட்டில் எழுதுவார். ஆணா பெண்ணா என்று சீட்டைப் பார்ப்பது அதற்கப்புறம்தான். திங்கட்கிழமை ரேஷ்மா என்கிற இன்னொருத்தி வந்து அத்தனையையும் மறுபடி அளப்பாள். எனக்கு மெதுவாகப் பேச வராது. "நுணலும் தன் வாயால் கெடும்டி ஜோவிதா" என்று அம்மா சொல்லாத நாளில்லை.

அந்த வாயால் ஒரு பாவமும் செய்திருக்கிறேன். ஜூலை மழையில், ஊட்டி ரோட்டுப் பாறை வளைவில் லூயிஸ் வழுக்கி விழுந்துவிட்டார் என்று சிவகுருதான் வந்து சொன்னார். லூயிஸின் மனைவி பிலோமி அக்கா அதை நம்பவேயில்லை. "இருவது வருசம் காட்டுல நடந்த காலு பாப்பா. ரோட்டோரத்துல வழுக்குமா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். போன வாரம் எரிச்சலில், "மழைக்கு ஆள் தெரியுமாக்கா? சும்மா அதையே நோண்டாதீங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அப்புறம் அவள் எனக்குப் போன் செய்யவில்லை.

அன்று கடைசித் தலை மட்டும் பாக்கி. மதியம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. தலையின் நெற்றி நொறுங்கிப் போயிருந்தது. கொம்பு முளைக்கிற இடமே இல்லை. ஆனால் பின்மண்டையிலிருந்து மூக்கு நுனி வரை அடிப்பக்கம் முழுசாக இருந்ததால் காலிப்பர் அளவியை வைத்தேன்.

"முந்நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு!" என்று கத்தினேன். "அடேங்கப்பா! இதுவரைக்கும் ஒரு பொட்டை மான்கூட முந்நூத்தி அறுவதைத் தாண்டலை. இது ஆண்தாண்ணா, சந்தேகமே இல்லை!"

பேனா ஓடும் சத்தம் நின்றது.

"பொட்டைங்க மேடம்," என்றார் சிவகுரு. "சீட்டுல இருக்குதுங்களே. செந்நாய் அடிச்சது. நாந்தானுங்க எடுத்தாந்தேன்."

சீட்டைப் பார்த்தேன். 'பெண். செந்நாய்.' சிவகுருவின் எழுத்து. மற்ற அறுபதிலும் லூயிஸின் கோணல் எழுத்து. நொறுங்கிய விளிம்பைத் தடவினேன். ஒரு இடத்தில், விரல் நீளத்துக்கு, வழுவழுவென்று நேராக இருந்தது. செந்நாய் ரம்பம் பிடிக்குமா?

காட்டு மழையில் காகிதச் சீட்டு கொட்டகை வந்து சேரும்வரை தாங்காது. அதனால் லூயிஸ், தலை கிடைத்த இடத்திலேயே கீழ்த்தாடையின் உட்பக்கம் பென்சிலால் குறித்துவிடுவார். யாரிடமும் சொன்னதில்லை, முதல் தலைகளை அலசும்போதுதான் எனக்கே தெரிந்தது. எலும்பைத் தொடவே அருவருப்புப்படும் சிவகுருவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

தாடையைத் திருப்பினேன்.

'61. ஆண். ரம்ப வெட்டு. கொம்பு நம்ம ஜீப்பில். 19-7.'

ஜூலை பத்தொன்பது. பிலோமி அக்கா வீட்டு நினைவு அட்டையில் லூயிஸ் இறந்த நாளாகப் போட்டிருக்கும் தேதி. ஐயோ அக்கா, நீ சொன்னதுதான் சரி, உன்னைப் போய் அப்படி வைதேனே!

"என்னங்க மேடம் அதுல?"

சிவகுரு வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். போனில் சிக்னல் கிடையாது. சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. ஊட்டிக்குப் போக இருந்தது அவன் வண்டி மட்டும்தான்.

"ஒண்ணுமில்லண்ணா. நான்தான் தப்பா அளந்துட்டேன். பெண்ணுன்னே எழுதிக்குங்க."

என் கையிலிருந்த தாடையைப் பார்த்தான். பிறகு எழுதினான். "பனி கூடுதுங்க, கிளம்பலாம்" என்று சொல்லி வண்டியை எடுக்கப் போனான்.

காய்ந்த தாடை இரண்டு பாதியாகக் கழன்று வரும். லூயிஸ் எழுதியிருந்த பாதியைக் கழற்றி, அவர் எழுத்துக்குக் கீழே பென்சிலால் எழுதினேன்: 'சிவகுரு வண்டியில் போகிறேன். ஜோவிதா. 14-11.' அதைப் பதினேழாம் தலையோடு சேர்த்துக் கட்டினேன். பதினேழுக்கு மூன்று பாதித் தாடை எப்படி வந்தது என்று ரேஷ்மா நிச்சயம் பார்ப்பாள்.

முன் சீட்டில் உட்கார்ந்தேன். வழக்கமாக இந்த ரோட்டில் என் வாய் ஓயாது. குழியைத் திட்டுவேன், மழையைத் திட்டுவேன், ஒன்றுமில்லாவிட்டால் அவன் ஹார்ன் அடிப்பதைத் திட்டுவேன். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா வந்தேன். அம்மா பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள். பெரிய சாமர்த்தியம் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க மேடம்," என்றான் ரோட்டைப் பார்த்தபடியே. "இன்னைக்கு ஒரு வார்த்தைகூடப் பேசலீங்களே."

"தலைவலி."

"லூயிஸ் அண்ணனும் அன்னைக்கு இப்படித்தானுங்க, உம்முன்னு வந்தாரு."

லூயிஸ் விழுந்த அதே பாறை வளைவில் வண்டி நின்றது. எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினான். என் பக்கத்துக் கதவைத் திறக்கச் சுற்றி வந்தான்.