வலையின் நிஜ எடை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் மேசைக்கு வந்தது. பாயான் பாருவில் ஒரு சிறிய பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் அறிக்கைகளின் ஆங்கிலத்தைத் திருத்துவது என் வேலை. தமிழில் கதை எழுதுவது பழக்கம். அங்கே குறைப்பதும் இங்கே கூட்டுவதுமாகக் காலம் ஓடுகிறது.

தொடக்கம் ஒன்று: காற்று ஓய்ந்த காலையில் கடல் ஒன்றும் அறியாததுபோல்...

(வேண்டாம். கடலுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது.)

தொடக்கம் இரண்டு: காமினி கணினிக்குள் கடல் செய்கிறவள்.

இது இருக்கட்டும்.

2

காமினிக்கு முப்பத்தொரு வயது, எங்கள் நிறுவனத்துப் பொறியாளர். நாங்கள் இருக்கும் தீவுக்குத் தெற்கே மீன் வளர்க்கும் மிதவைக் கூண்டுகளின் வலை அலையில் எப்படி வளையும், நங்கூரக் கயிறுகளை எவ்வளவு இழுக்கும் என்று அவள் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். நீருக்கு ஒரு கணக்கு, வலைக்கு ஒரு கணக்கு. நீர் தள்ளியதை வலைக்குச் சொல்லி, வலை அசைந்ததை நீருக்குச் சொல்லி, நொடியை ஆயிரம் துண்டாக்கி மாறி மாறி ஓட்டுவாள். வலை லேசு, நீர் கனம். அதனால் சின்னப் பிசகு அடுத்த சுற்றில் இரண்டாகி, நாலாகி, திரையில் வலை வானத்துக்குப் பறந்துவிடும். மூன்று வாரம் அப்படியே பறந்தது.

கடைசியில் இந்தத் தொழிலில் பலரும் செய்வதைச் செய்தாள். கணினிக்குள் வலையின் எடையை மூன்று மடங்காக்கினாள். கணக்கு சாதுவாக நின்றது. கனத்த வலை மெதுவாக அசையும், கயிற்றைக் குறைவாக இழுக்கும். அது பொய் வலை என்று அவளுக்குத் தெரியும். நிஜ எடையில் மறுபடி ஓட்டப் பதினொரு நாள் கேட்டாள்.

"பதினொரு நாளா? வெள்ளிக்கிழம கிளையன்ட் வர்றாங்க லா. இருக்கறத எழுதி அனுப்பு," என்றார் மேலாளர் சுகுமாரன்.

"அப்ப அடிக்குறிப்பு போட்டுடறேன் பாஸ்."

"போடு, போடு. யாரு வேணாம்னா?"

(காமினியைக் கொஞ்சம் அலட்சியக்காரியாக எழுதிப் பார்த்தேன். எனக்கு வசதியாக இருந்தது. அவள் அப்படியில்லை.)

3

செப்டம்பரில் காற்று அடித்தது. கயிறுகள் பிய்த்துக்கொண்டு கூண்டு கவிழ்ந்ததில், மீனுக்குத் தீனி போடும் பக்கிரிசாமி வலைக்கடியில் மாட்டிக்கொண்டு செத்தார். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைச் சூட்டில் பன்னிரண்டு வருஷம் வெந்துவிட்டு, வெளிக்காற்று வேண்டும் என்று கடலுக்கு வந்த மனிதர். கூண்டு நிறுவனத்தின் விசாரணை சொன்னது: காமினியின் அறிக்கையின்படி கயிறுகள் தாங்கியிருக்க வேண்டும், ஆகவே முடிச்சு சரியில்லை. முடிச்சுப் போட்டவர் பக்கிரிசாமி.

காமினி ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் அவர் மனைவி லெட்சுமியைப் பார்க்கப் போனாள். யாரென்று சொல்லாமல், துக்கம் கேட்க வந்தவளாக உட்கார்ந்தாள்.

"அவரு சட்ட பட்டன் போட்டாக்கூட ரெண்டு வாட்டி இழுத்துப் பாப்பாரும்மா," என்றார் லெட்சுமி. "கட்டு சரியா போடல, அவரு தப்புதான்னு லெட்டர் வந்திருக்கு. எம்மவ ஷர்மினி அத நம்பிட்டா. கூட வேல செஞ்ச சாஹித்துக்கும் அன்னைக்குக் கால் போச்சு, அதுக்கும் அப்பாதான் காரணமாம். அவரு படத்துக்கு மால போட மாட்டேங்கறா."

லெட்சுமி கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டுக் காமினி எழுந்து வந்தாள். அந்த மைலோவுக்காகத் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

4

இனி நான் ஒளிய முடியாது. இறுதி அறிக்கையில் அந்த அடிக்குறிப்பு இல்லை. காமினி எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"இக்கணக்கில் வலையின் எடை மூன்று மடங்காக வைக்கப்பட்டுள்ளது. நிஜ எடையில் கயிற்றின் இழுப்பு கூடுதலாக இருக்கலாம். மறுகணக்கு செய்யாமல் இதை வைத்துக் கயிறு தேர்ந்தெடுக்க வேண்டாம்."

இந்த மூன்று வரி, கீழே இருந்த அட்டவணையை அடுத்த பக்கத்துக்குத் தள்ளி இரண்டாக உடைத்தது. பார்க்க அசிங்கமாக இருந்தது. நான் எடுத்துவிட்டேன். சுகுமாரன் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. அட்டவணை ஒரே பக்கத்தில் அழகாக நின்றது. காமினி என்னை நம்பிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

விபத்துக்குப் பிறகு வேலையை விட்டாள். அவள் கணினியை வாங்கி அதிலிருந்ததையெல்லாம் அழித்துவிட்டார்கள். ஒருநாள் எனக்கு ஃபோன் செய்தாள்.

"அக்கா, நான் அனுப்புன பழைய டிராஃப்ட் ஒங்க மெயில்ல இருக்கும்ல? நீங்க எடுத்தீங்கன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கையெழுத்து என்னோடதுதான். லெட்சுமி அக்காகிட்ட காட்ட அது மட்டும் வேணும்."

"தேடிப் பாக்கறேம்மா," என்றேன். தேட ஒன்றுமில்லை. திரையில் திறந்துதான் இருந்தது.

5

முடிவு ஒன்று: நான் அனுப்புகிறேன். ஷர்மினி அப்பா படத்துக்கு மாலை போடுகிறாள். (இதை எழுதும்போது அழுதேன். அழுவது சுலபமாக இருந்தது.)

முடிவு இரண்டு: காமினி வெறுங்கையோடு போய்ச் சொல்கிறாள். லெட்சுமி நம்புகிறார். நிறுவனம் ஆதாரம் கேட்கிறது.

முடிவு மூன்று: நான் சுகுமாரனின் அறைக்கதவைத் தட்டி...

நடந்தது வேறு. காமினி இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை. எனக்கு அடுத்த வருஷம் பணி ஓய்வு, அதுவரை பேர் கெடாமல் இருக்க வேண்டும் என்று பயம். அனுப்ப வேண்டியதை அனுப்பாமல் இந்தக் கதையை எழுதினேன். கதையை எந்த விசாரணையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது. அது தெரிந்துதான் அடிக்குறிப்பை ஒரு வரி விடாமல் இங்கே போட்டிருக்கிறேன்.

லெட்சுமி தமிழ்ப் பத்திரிகை வாசிக்கிறவர். இது அவர் கண்ணில் படலாம் என்று தோன்றியதும் எல்லோர் பெயரையும் மாற்றினேன், மாதத்தை மாற்றினேன், குடியிருப்பையும் மாற்றினேன். நீங்கள் மனசு கேட்காமல் அவரைத் தேடிப் போனாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அளவுக்குத் திருத்தி முடித்த பிறகுதான், முடிவை உங்களிடம் விடுகிறேன்.