பாக்கெட்டில் வைக்காதீர்கள்

காலை ஐந்தரை மணிக்கு டெக்ஸாஸின் ரிச்சர்ட்சனில் இன்னும் விடியவில்லை. ஃப்ரீவேயை ஒட்டியிருந்த அந்தக் கிடங்கில் மட்டும் வேலை தொடங்கி அரை மணி ஆகியிருந்தது. தனபாக்கியம் வலது கட்டைவிரல் நகத்தை பேட்டரியின் கழுத்தில் கொடுத்து, கிழிந்த பிளாஸ்டிக் உறையை ஒரே இழுப்பில் உரித்தாள். புது உறையை மாட்டி, மூன்று எண்ணும்வரை சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டினாள். உறை சுருங்கி ஒட்டிக்கொண்டது. பழைய பேட்டரி புதிய பேட்டரி ஆகிவிட்டது. மணிக்கு இப்படி நூற்றிருபது ஆக வேண்டும். உரிக்கிற நகம் பாதி தேய்ந்து, அதன்மேல் பேண்ட் எய்ட் சுற்றியிருந்தாள். அந்த பேண்ட் எய்டும் உரிந்துகொண்டிருந்தது.

இ-சிகரெட் கிடங்கு அது. கடைகளிலிருந்து திரும்பி வருகிற இ-சிகரெட்டுகளைப் பிரித்து, கட்டைவிரல் அளவு பேட்டரிகளை எடுத்து, உறை மாற்றி, சார்ஜ் ஏற்றி, புதுப்பெட்டியில் போட்டு மறுபடி அனுப்புவார்கள். அவற்றில் ஊற்றிய திரவத்தின் மாம்பழம், ஸ்ட்ராபெர்ரி, கஸ்டர்டு என்று எல்லா வாசனையும் கலந்து தலைமுடியில் ஏறிவிடும். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாலும் போகாது. கணவர் கோபாலசாமி முதலில் சிரித்தார். எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய சாஃப்ட்வேர் வேலை போனபிறகு சிரிப்பதில்லை. இப்போது அவர் வீடு வீடாகச் சாப்பாடு டெலிவரி செய்கிறார். காலையில் இவளை இறக்கிவிடும்போது, "பாத்து" என்று மட்டும் சொல்வார்.

மேஜையைச் சுற்றி எட்டு ஸ்டூல். இன்றைக்கு ஏழு பேர்தான். நான்கு பேர் மெக்ஸிகோக்காரிகள், மூன்று பேர் தமிழ்ப் பெண்கள். எட்டாவது ஸ்டூல் அபயாம்பாளுடையது. அதை யாரும் நகர்த்தவுமில்லை, அதில் உட்காரவுமில்லை.

மேஜையின் கோடியில் இருந்த கயல் கையேட்டை மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம் ஆன சின்னப் பெண். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கையேடு போக வேண்டும். 'யூசர் பொறுப்பு' என்று ஆங்கிலத்தில் தலைப்பு, அதன் கீழே எட்டு விதிகள். உறை கிழிந்த பேட்டரியைப் பயன்படுத்தாதீர்கள். சாவி, நாணயம் போன்ற உலோகத்தோடு பாக்கெட்டில் வைக்காதீர்கள். வெளியே கொண்டுபோகும்போது பிளாஸ்டிக் கேஸில் மட்டும் வையுங்கள். மடித்து மடித்து எல்லாருக்கும் மனப்பாடம். அபயாம்பாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் கயல் வாசிக்கக் கேட்டுக் கேட்டு, ஸ்லோகம் மாதிரி எட்டையும் தப்பில்லாமல் ஒப்பிப்பாள். மேஜையே சிரிக்கும்.

போன வியாழக்கிழமை அந்த அபயாம்பாளின் பாக்கெட்டில்தான் தீப்பிடித்தது.

அதற்கு முதல்நாள் முதலாளி சந்தானம் ஓர் உத்தரவு போட்டிருந்தார். கையில் வளையல், மோதிரம் எதுவும் போட்டுக்கொண்டு மேஜையில் உட்காரக்கூடாது, உலோகம் பேட்டரியில் பட்டால் ஆபத்து என்று. நல்ல உத்தரவுதான். கழற்றியதை எங்கே வைப்பது என்றுதான் அதில் இல்லை. லாக்கர் கிடையாது, கைப்பையை உள்ளே கொண்டுவரக்கூடாது. அபயாம்பாளின் வளையலில் எப்போதும் ஐந்தாறு ஊக்குகள் கொத்தாகத் தொங்கும். கோயிலில் யார் முந்தானை நழுவினாலும், எந்தப் பிள்ளையின் பட்டன் அறுந்தாலும் அவளைத்தான் தேடி வருவார்கள். கழற்றிய வளையலும் கையுமாக அவள் முழித்தபோது, "பாக்கெட்ல போட்டுக்கோங்கக்கா" என்று சொன்னது தனபாக்கியம்.

ஏப்ரனில் இருந்தது ஒரே பாக்கெட். மேஜையிலிருந்து சார்ஜ் ஏற்றும் ரேக் இருபது தப்படி தூரம். முன்பெல்லாம் பேட்டரிகளை நீல நிற பிளாஸ்டிக் கேஸில் அடுக்கித்தான் கொண்டுபோவார்கள். இரண்டு மாதத்துக்கு முன், அந்தக் கேஸ்களைத் தனியாகக் கடையில் விற்கலாம் என்று சந்தானத்துக்குத் தோன்றிவிட்டது. கேஸ்கள் விற்பனைக்குப் போய்விட்டன. பேட்டரிகள் ஏப்ரன் பாக்கெட்டுக்கு வந்துவிட்டன. வியாழக்கிழமை புது உறை சரியாக ஒட்டாத பேட்டரி ஒன்றின் தலையில் ஓர் ஊக்கு குறுக்கே விழுந்தது. குக்கர் விசில் வருவதற்கு முன் கேட்குமே, அந்த உஸ்ஸென்ற சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு புகை. பிறகு தீ.

தனபாக்கியம் கத்திரிக்கோலால் ஏப்ரன் நாடாவை வெட்டி இழுத்தாள். மெக்ஸிகோக்காரிகளில் ஒருத்தியான லூப்பே மணல் வாளியைத் தூக்கிக் கொட்டினாள். அபயாம்பாளின் வலது தொடை வெந்துபோயிருந்தது. வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தனபாக்கியத்துக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை. தான் சொன்ன அந்த ஒரு வார்த்தை நெஞ்சில் முள்ளாக நின்றது. அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு சந்தானம் வந்தார். ஐம்பத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை. கோயிலில் பார்த்தால் அங்கிள், இங்கே சார். வேலை கொடுப்பதை அவர் வேலை என்று சொல்லவே மாட்டார், 'நம்ம ஜனங்களுக்கு ஒரு ஹெல்ப்' என்பார்.

"தனபாக்கியம்மா, அபயாம்பாள் மாமிக்கு நடந்தது எனக்கு ரொம்ப வருத்தம். அர்ச்சனைகூட பண்ணிட்டு வந்தேன். ஆனா லாயர் ஒரு பேப்பர் டிராஃப்ட் பண்ணியிருக்காரு. எல்லாரும் சைன் பண்ணணும். நீங்க பக்கத்துல இருந்தவங்க, ஃபர்ஸ்ட் நீங்க பண்ணிடுங்க."

"என்னன்னு எழுதியிருக்குதுங்க சார்?"

"சிம்பிள்தாம்மா. மெட்டல் பொருளை பேட்டரியோட பாக்கெட்ல வெச்சது யூசர் எரர். ரூல்ஸ் எல்லாம் கையேட்டுல இருக்கு, அது அவங்களுக்கும் தெரியும். அவ்ளோதான்."

"அப்ப அக்காவோட வைத்தியச் செலவுங்க?"

"கம்பெனி தப்பு இல்லைனா கம்பெனி எப்படிம்மா குடுக்கும்? லாஜிக் பாருங்க."

டெக்ஸாஸில் தொழிலாளிக்கு இன்சூரன்ஸ் எடுப்பதும் எடுக்காததும் முதலாளியின் இஷ்டம். சந்தானத்துக்கு இஷ்டமில்லை. காகிதத்தை மேஜையில் வைத்து, மேலே ஒரு பேனாவையும் வைத்தார்.

"பிரேக் முடிஞ்சு வரும்போது சைன் ஆகியிருக்கணும். பண்ணாதவங்களுக்கு நெக்ஸ்ட் வீக் ஷிஃப்ட் போடறது கஷ்டம். நான் ஃபோர்ஸ் பண்ணல."

ஒன்பதரை மணிக்கு பிரேக் ரூமில் ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். டப்பாவைத் திறந்த யாரும் சாப்பிடவில்லை. தனபாக்கியத்தின் முதுகு வலியில் குனிந்துபோயிருந்தது. கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. கயல் தன் போனில் அபயாம்பாளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"தனமா? கையெழுத்தைப் போட்டுக் குடுத்துடு தனம்," என்றாள் அபயாம்பாள். காகித விஷயம் அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது. குரல் மருந்து மயக்கத்தில் இழுத்தது. "உன் வீட்டுக்காரருக்கும் வேலை இல்ல. ஊக்க உள்ள போட்டது நான்தானே."

"போடச் சொன்னது நானுங்கக்கா."

ஆறு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"நீ சொல்லலைன்னா மட்டும் எங்க போட்டிருப்பேன்?" என்றது போன். "என் மகனும் அதையேதான் கேக்கறான். பேட்டரிய ஏம்மா பாக்கெட்ல வெச்சே, எல்லாந்தான் உனக்கு மனப்பாடமாச்சேன்னு. வேற எங்கடா வைக்கறதுன்னேன். அவனுக்குச் சொல்லத் தெரியல. எனக்கும் தெரியல."

கயல் போனை வைத்தாள். லூப்பே என்ன பேச்சு என்று கேட்டாள். கயல் இங்கிலீஷில் சொன்னாள், லூப்பே அதை ஸ்பானிஷில் மற்ற மூவருக்கும் சொன்னாள்.

"கயல், யூசர்னா யாரு கண்ணு?" என்று தனபாக்கியம் கேட்டாள்.

"யூஸ் பண்றவங்க ஆன்ட்டி. வாங்கிட்டுப் போற கஸ்டமர்."

"நாம வாங்கலயே."

"சார் பேப்பர்ல நம்மளையும் யூசர்னுதான் போட்டிருக்காரு."

தனபாக்கியம் டப்பாவை மூடினாள். தான் உறை மாற்றிய பேட்டரியை யாரோ ஒருவன் கடையில் வாங்கி, காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறான். பெயர் தெரியாது, முகம் தெரியாது. உள்ளே இருப்பது எத்தனை முறை செத்துப் பிழைத்த பேட்டரி என்று அவனுக்கும் தெரியாது. அவன் தொடை வெந்தாலும் அவனுக்கு ஒரு கையேடு தயாராக இருக்கிறது. அதை மடித்து வைத்ததும் இதே கைகள்தான். இத்தனை நாள் இது தன் புத்தியில் உறைக்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"யூசர்னு அவரே சொல்லிட்டாரில்ல," என்றாள். "அப்ப யூசர் மாதிரியே நடந்துக்கலாம். எட்டு ரூலும். ஒண்ணு விடாம."

"ஷிஃப்ட் போயிடுமே ஆன்ட்டி."

"போகலாம் கண்ணு. எனக்கும் பயமாத்தான் இருக்குது."

மேஜைக்குத் திரும்பினார்கள். தனபாக்கியம் முதல் பேட்டரியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். உறை கிழிந்திருந்தது. நகத்தைக் கொடுக்கவில்லை, எழுந்து போய் மணல் வாளியில் புதைத்துவிட்டு வந்தாள். லூப்பே அடுத்ததை எடுத்தாள், கிழிசல், மணலுக்குப் போனாள். உரித்து மாட்டத்தானே அவை இங்கே வந்தன, கிழியாதது எங்கே இருக்கும்? ஏற்கெனவே உறை மாற்றியவை கேஸ் இல்லாததால் மேஜையை விட்டு நகரவில்லை. பத்தரை மணிக்கு சார்ஜ் ரேக் காலியாக இருந்தது.

சந்தானம் கண்ணாடி அறையிலிருந்து வேகமாக வந்தார். காகிதத்தின் மேல் பேனா வைத்தபடியே இருந்தது.

"என்னம்மா இது? ஒண்ணுமே மூவ் ஆகல?"

"கிழிஞ்சதை யூஸ் பண்ணக்கூடாதுங்க சார். கேஸ் இல்லாம தூக்கிட்டுப் போகக்கூடாதுங்க. உங்க கையேட்டுல இருக்குது."

"அது கஸ்டமருக்கும்மா."

"பேப்பர்ல எங்களையும் யூசர்னு போட்டிருக்கீங்களே."

"வார்த்தைய வெச்சு வெளாடாதீங்க. இருபது ஸ்டெப் நடக்கறதுக்கு என்ன கேஸ்? பாக்கெட்ல போட்டா ஒண்ணும் ஆகாது, மெட்டல் இல்லைனா போதும். காமன் சென்ஸ்."

தனபாக்கியம் மேஜையிலிருந்து உறை கிழிந்த ஒரு பேட்டரியை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"அப்ப இதைக் கொஞ்சம் உங்க பாக்கெட்ல போட்டுக்கோங்க சார். ரேக் வரைக்கும்தான். நானும் கூட வர்றேன்."

சந்தானத்தின் வலது கை பேண்ட் பாக்கெட்டில் இருந்தது. உள்ளே கார் சாவி. சாவி லேசாகக் கிலுகிலுத்தது எல்லாருக்கும் கேட்டது. அவர் கையை வெளியே எடுத்தார். பிறகு ஒரு அடி பின்னால் வைத்தார். ஏழு பேரும் அந்த ஒரு அடியைப் பார்த்தார்கள்.

"வாங்கினவன் பாக்கெட்ல வெடிச்சா வாங்கினவன் பொறுப்புங்க. செஞ்சவ பாக்கெட்ல வெடிச்சா செஞ்சவ பொறுப்பு," என்றாள் தனபாக்கியம். "உங்க பாக்கெட்டுக்கு மட்டும் எதுவும் வராதுங்களா?"

"அபயாம்பாள் மாமி பின் வெச்சிருந்தாங்க. அது ஃபேக்ட்."

"வெச்சிருந்தாங்க. வளையலக் கழட்டச் சொன்னது நீங்க. பாக்கெட்ல போடச் சொன்னது நான். அதையும் எழுதிக்கோங்க."

"ஆன்ட்டி மட்டும் இல்ல சார்," என்றாள் கயல். முகம் வெளுத்திருந்தாலும் எழுந்து நின்றாள். "என் செயினும் அன்னிக்குப் பாக்கெட்லதான் இருந்துச்சு. பேட்டரியும் இருந்துச்சு."

லூப்பே கையைத் தூக்கினாள். "மீ ஆல்ஸோ. ரிங். பாக்கெட்." அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் தலையாட்டி, ஏப்ரன் பாக்கெட்டைத் தட்டிக் காட்டினாள். அதற்கடுத்தவளும் தட்டினாள். மேஜையைச் சுற்றி அந்தத் தட்டல் ஏழு பாக்கெட்டுக்கும் போய் வந்தது. வியாழக்கிழமை அந்தத் தீ யார் மடியில் வேண்டுமானாலும் பிடித்திருக்கும். எல்லாருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருந்ததுதான், இப்போதுதான் வெளியே வந்தது.

தனபாக்கியம் பேட்டரியை மணலில் புதைத்தாள். உறை வெட்டுகிற கத்திரிக்கோலை எடுத்து, தன் ஏப்ரன் பாக்கெட்டைத் தையலோடு சேர்த்து வெட்டி எடுத்தாள். அதைக் கையெழுத்தில்லாத காகிதத்தின் மேல் போட்டாள். கத்திரிக்கோல் லூப்பேயிடம் போயிற்று, பிறகு கயலிடம், பிறகு மற்றவர்களிடம். கெட்டித் துணி, சீக்கிரம் வெட்டுப்படவில்லை. யாரும் அவசரப்படவில்லை. கடைசியில் காகிதமும் பேனாவும் துணிக்கு அடியில் மறைந்துபோயின.

"நாளைக்கே வேற ஆளு வருவாங்க, தெரியும்ல?" என்றார் சந்தானம். குரலில் பழைய கனிவு இல்லை.

"வரட்டுங்க சார். அவங்களுக்கும் இந்த ஏப்ரனைத்தானே குடுக்கணும்."

அவர் கண்ணாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யாருக்கோ போன் போட்டார். வக்கீலுக்கா, ஆள் அனுப்புகிற ஏஜென்ஸிக்கா என்று இவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் ஷிஃப்ட் உண்டா இல்லையா, அபயாம்பாளின் வைத்தியத்துக்கு வழி பிறக்குமா, எதுவும் தெரியவில்லை. தனபாக்கியத்துக்கு முதுகு இன்னும் வலித்தது. நெஞ்சில் நின்ற அந்த முள் மட்டும் இல்லை.

லூப்பே எட்டாவது ஸ்டூலைத் துடைத்து, தனக்கும் தனபாக்கியத்துக்கும் நடுவில் இழுத்துப் போட்டாள். ஏழு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு, அந்தக் கதவு திறப்பதற்குக் காத்திருந்தார்கள்.