ஏறாத, இறங்காத விலை

மரக்காணத்தில் வருண பகவானே தெய்வசிகாமணியைக் கேட்டுத்தான் மழையை அவிழ்த்துவிடுவார் என்று ஒரு பேச்சு. கிளப்பிவிட்டவரும் தெய்வசிகாமணிதான். கோடையில் வாரிய உப்பை இமயமலைக்குத் தம்பிபோலக் குவித்து, ஓலை போட்டு மூடி, ஐப்பசியில் உப்பளங்கள் முழுகி விலை ஏறிய பிறகே விற்பார். "இப்பவே குடுத்துடுங்க, அடுத்த மாசம் சீந்த ஆள் இருக்காது" என்று புரட்டாசியில் வந்து பயமுறுத்தும் தரகர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நம்பித்தான் அவரிடம் உப்பு வாரும் லூர்துமேரி ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். புதுச்சேரியில், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டில் பன்னிரண்டு வருஷம் சமைத்தவள். வீட்டம்மா சாகுமுன் கொடுத்த டப்பா. உள்ளே முந்நூறு காசு, ஒவ்வொன்றும் பத்து பிராங்க். மாற்றினால் நாலு பாத்தி குத்தகைக்குப் பிடிக்கலாம்; ஒரு வருஷமாவது தன் உப்பைத் தானே வாரலாம்.

2004 தீபாவளி கழிந்ததும் பெரிய முதலியார்சாவடி கலியமூர்த்தி வந்தார். அவரும் பழைய சொல்தா. மகளைப் பார்க்கப் பாரீஸ் போகிறவர். பல நாடுகள் சேர்ந்து யூரோ என்று ஒரே காசு வைத்துக்கொண்டதில் பிராங்க் செத்துவிட்டது, அங்கே பாங்கியில் மாற்றி வருகிறேன், பிப்ரவரி பதினேழுக்கு மேல் சில்லறையை வாங்க மாட்டார்கள் என்றார்.

தரகன் பேச்சேதான் என்று தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்தது. என்ன விலை என்று கேட்டார்.

"ஆறரை பிராங்கு சொச்சத்துக்கு ஒரு யூரோ. முடிச்சு போட்டுட்டாங்க. ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது."

"ஏம்பா, அப்படி ஒரு வெல லோகத்துல உண்டா? பிராங்கு அடிக்கிறத நிறுத்திட்டான்ற. வெளைச்சல் நின்னா வெல ஏறித்தான ஆவணும்?"

லூர்துமேரி, குடுத்துடலாமா அண்ணே என்று ஒரே ஒருமுறை கேட்டாள். ரெட்டிப்பாக வாங்கித் தருகிறேன், சும்மா இரு என்று அடக்கினார். கலியமூர்த்தி வெறுங்கையோடு விமானம் ஏறினார்.

மார்ச்சில் அவர் திரும்பியதும் தெய்வசிகாமணி மொபெட்டில் பறந்தார். இப்போது என்ன விலை என்று அவர் கேட்டபோது கலியமூர்த்தி சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "நோட்டா இருந்தா இன்னும் ஏழு வருஷம் டைம் இருக்குது. காசுக்கு முடிஞ்சிபோச்சுப்பா."

திரும்பும் வழியில் பனைமரத்துக்கு ஒரு பொய் வீதம் ஆயிரம் பொய் யோசித்தார். வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் உப்புக்கு நடுவே அவளைப் பார்த்ததும் ஒன்றுகூட வரவில்லை. உள்ளதைச் சொன்னார். தன் அளத்திலேயே நாலு பாத்தியை எடுத்துக்கொள், குத்தகை வேண்டாம் என்றார்.

லூர்துமேரி உப்பு வாரும் பலகையை நிறுத்தவில்லை. "வேணாண்ணே. அப்பறம் அந்த உப்ப எப்ப விக்கணும்னும் நீங்கதான சொல்லுவீங்க."

அந்தப் புரட்டாசியில் தரகர் வந்தபோது தெய்வசிகாமணி மோர் கொடுத்து அனுப்பவில்லை. தரகர் சொன்ன விலைக்கே மொத்தத்தையும் கொடுத்துவிட்டார். ஐப்பசியில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றி உப்பு விலை ரெட்டிப்பானது. அதற்கு அவர் வருந்தவில்லை. அவருக்கு மறக்காதது, லாரி வந்த நாளில் அந்த உப்பைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து ஏற்றிய கூலிகளில் லூர்துமேரியும் இருந்தாள் என்பதுதான்.